மாஸ்டரோட ஷேட் நோட்டு

தம்பி, கோவிச்சுக்காதீங்க, அந்தச் சன்னலோரத்தைக் கொஞ்சம் எனக்குக் குடுக்கறீங்களா? காத்து வாங்கறதுக்கு இல்லீங்க. என்ற வலது பக்கம் பஸ்ஸுத் தகரத்தோட ஒட்டியிருந்தாத்தான் எனக்கு நிம்மதி. அந்தப் பக்கம் ஆராச்சும் முட்டிட்டாத் தொந்தரவாயிரும். ஆமாங்க, அப்படித்தான். நல்லாருப்பீங்க.

கோயமுத்தூரு வரைக்குமா? நானும் அங்கதானுங்க. பவானியில ஏறினேன். என்ற பேரு சென்னியப்பன். சாயப்பட்டறையில மாஸ்டரா இருந்தேன், முப்பத்திநாலு வருசம். மாஸ்டர்னாத் தெரியுமில்ல? எந்தப் பவுடரு, எவ்வளவு, எத்தன சூட்டுல எத்தன நேரம் துணி கெடக்கோணும்னு சொல்றவன். எக்ஸ்போர்ட்காரன் விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் கொண்டாந்து நீட்டுவான், இதே ஷேட் வேணும்பான். மத்த பட்டறையில அதை மெஷினுக்குள்ள வெச்சுப் பாப்பாங்க. நானு வடக்குப் பாத்த சன்னலுக்குப் போயி, ரெண்டு துண்டையும் சேத்துப் புடிச்சு ஒருக்காப் பாப்பேன். அவ்வளவுதான். மாஸ்டர் கண்ணு வெச்சாச் சரின்னு மொதலாளி லாரியில ஏத்திருவாரு.

இப்ப உங்க சட்டையவே சொல்றேன் பாருங்க. சாம்பல்ல துளி பச்சை கலந்தது. என்னது? ஊதாவா? இல்லீங்களே. சரி சரி, இந்தக் கண்ணாடில இருக்கற தூசிக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. பஸ்ஸைக் கழுவறதே இல்ல இவுங்க.

அங்க முன்னால, பொம்பளைங்க பக்கம் மூணாவது சீட்டுல, மஞ்சப்பையை மடியில வெச்சுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்கறா பாருங்க. அவதான் என்ற ஊட்டுக்காரி, பாவாயி. நாலு நாளா எங்கிட்டச் சரியாப் பேச்சு இல்ல. அவளுக்குப் பயம். ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது அவதான், நான் ஒண்ணும் பயந்துக்கிட்டுப் போகலீங்க. அவ வாயை அடைக்கறதுக்குப் போறேன்.

என்ன சீக்குன்னு கேக்க மாட்டீங்களா? கேக்கலாமுங்க. மூத்திரப்பையில புத்துநோய். பத்து வருசமாச்சு. பையையே எடுத்துப் போட்டாங்க. இப்ப வவுத்துல வலது பக்கம் ஒரு தொளை, குடலுத் துண்டுல ஒரு மொட்டாட்டம் வெளிய வெச்சிருக்குது. அதுக்கு மேல ஒரு பை ஒட்டிக்கறது. அதுலதான் மூத்திரம் சதா சொட்டிக்கிட்டே இருக்கும். அடக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அதுதான் ஒருத்தரும் முட்டக் கூடாதுன்னு சொன்னேன். பயப்படாதீங்க, வாசமெல்லாம் வராது. வருதுங்களா? வரலீல்ல? நல்லவேளை.

எங்க பட்டறையில ரெண்டு பேருக்கு வந்துச்சு அந்த வருசம். எனக்கும், வையாபுரிக்கும். அவன் பவுடர் கலக்கறவன். கையுறையெல்லாம் குடுத்திருந்தாங்க, ஆரு போட்டது? கையை உட்டுக் கலக்குனாத்தான் கட்டி தெரியும். டாக்டரு என்னைய, என்ன தொழிலுன்னு கேட்டாரு. சொன்னேன். ஓ அப்படியான்னு பேனாவைக் கீழ வெச்சாரு. அந்தத் தொழிலு எனக்குச் சோறு போட்டதுங்க, அதைப் போயி நானெப்படிக் குத்தம் சொல்றது?

மொத மொதல்ல எப்படித் தெரிஞ்சுதுன்னாங்க, பட்டறைக்குப் பின்னால ஒதுங்குனேன். செவப்பா வந்துச்சு. வலி ஒண்ணுமில்ல. மஜெந்தா ஓட்டிட்டு இருந்த வாரம் அது. சரி, சாயந்தான் உள்ள போயி எறங்குதுன்னு நெனச்சேன். சிரிக்காதீங்க. மூக்குச் சிந்துனா அன்னைக்கி ஓட்டுன கலர்ல வரும் எங்களுக்கெல்லாம். அதாட்டம்னு நெனச்சு ஆறு மாசம் வாயே தொறக்கல. பாவாயிதான் வேட்டியில பாத்துட்டுக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனா. அன்னைக்கே அவ கத்துனது ஊருக்கே கேட்டுச்சு.

ஆபரேஷன் பண்ணி அனுப்பறப்போ டாக்டரு உக்கார வெச்சுச் சொன்னாரு. "பெரியவரே, பையைத்தான் எடுத்திருக்குது. மேல கிட்னி இருக்குது, அதுல இருந்து வர்ற குழாய் இருக்குது. அதே தண்ணிதான் அதுக்குள்ளயும் ஓடிச்சு. அங்கயும் தலையெடுக்கலாம், அஞ்சு வருசம் கழிச்சும் வரலாம், பத்து வருசம் கழிச்சும் வரலாம். கிட்னி சுருங்குதான்னும் பாத்துக்கிட்டே இருக்கோணும். உசுரு இருக்கற வரைக்கும் வருசா வருசம் வந்துருங்க." நல்ல மனுசன். சரீன்னு தலையை ஆட்டிட்டு வந்தேன்.

போனேனுங்க. இல்லேன்னு சொல்லல. அஞ்சு வருசம் போனேன். தம்பி, அந்த வரிசையில நீங்க உக்காந்து பாத்திருக்கறீங்களா? ஸ்கேன் எடுத்துட்டு, ரிப்போர்ட்டு வர்ற வரைக்கும் பெஞ்சியில உக்காந்திருக்கோணும். பேரைக் கூப்பிடுவாங்க. எனக்கு முன்னால கூப்பிட்டவன் உள்ள போயி, வெளிய வர்றப்போ மொகத்தைப் பாப்பேன். சிலவன் பொண்டாட்டியைத் தேடுவான், பக்கத்துலயே நிக்கறவளைக் கண்ணுக்குத் தெரியாதாட்டம் தேடுவான். ரெண்டு பேரை அப்படிப் பாத்திருக்கறேன். என்ற பேரைக் கூப்பிட்டா ரெண்டாந்தடவ கூப்பிடற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். அஞ்சாவது வருசம் டாக்டரு ஏட்டைப் பாத்துட்டு, "அஞ்சு வருசம் சுத்தமா ஓடிருச்சு, ரொம்ப சந்தோசம்"னாரு. நான் கையெடுத்துக் கும்புட்டேன். பாஸாயிட்டேன்ல? பாஸாயிட்ட பொறவு எவனாச்சும் மறுபடியும் பரீட்சைக்குப் போவானா?

அந்த வாரம்தான் பாவாயிக்கு ஒரு சேலைக்குச் சாயம் போட்டேன். ஊரு ஒலகத்துக்கெல்லாம் சாயம் போட்டவன், கட்டுனவளுக்குன்னு என்ற கையால போட்டது அது ஒண்ணுதான். அரக்கு. நல்ல கெட்டி அரக்கு. மூணு தடவ முக்கி எடுத்து, நெழல்ல ஒணத்தி, சாயம் கையில ஒட்டாத அளவுக்கு அலசிக் குடுத்தேன். கட்டிக்கிட்டு வந்து நின்னா பாருங்க... சரி, அது எதுக்கு இப்ப.

அப்பறம் நான் போகல. வையாபுரி போனான். வருசம் தவறாமப் போனான், கிறுக்கன். ஏழாவது வருசம் என்னாச்சு? கிட்னிக் குழாயில என்னமோ கடுகாட்டம் இருக்குதுன்னு கண்டுபுடிச்சு, ஒரு கிட்னியவே எடுத்துப்புட்டாங்க. பாருங்க, சும்மா இருந்திருந்தா ரெண்டும் அவங்கிட்டயே இருந்திருக்கும். போயிப் போயி ஒண்ணைக் குடுத்துட்டு வந்தான். எனக்கு ரெண்டும் இருக்குது. அவனா? நல்லாத்தான் இருக்கறான். தெனமும் காலையில மொபெட்டுல பாலு ஊத்திட்டுப் போறான். என்னையப் பாத்தா வண்டியை நிறுத்தி, "மாஸ்டரே, போனீங்களா?"ம்பான். நான் சந்துல திரும்பிக்குவேன்.

போகலைன்னா நான் பாக்காம உட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. இதாப் பாருங்க, நோட்டு. எங்க மொறையிலயே பாத்துட்டு வர்றேன். பையை மாத்தறப்போ எல்லாம், வெளுத்த காடாத்துணியில விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழிச்சு, அந்தத் தண்ணியில முக்கி எடுப்பேன். வெயில்ல போட மாட்டேன், வெயிலு ஷேடை மாத்திரும். நெழல்ல காய வெச்சு, தேதி போட்டு ஒட்டிருவேன். பட்டறையில ஒவ்வொரு லாட்டுக்கும் சாம்பிள் ஒட்டி வெப்போமுங்க, அதே மாதிரி. பழைய துண்டுக்கும் புதுத் துண்டுக்கும் வித்தியாசம் வந்தா என்ற கண்ணுக்குத் தப்பாது. அஞ்சு வருசமா ஒரே ஷேட். வெளிர் மஞ்சள், சில நாளைக்கி டீத் தண்ணி. இன்னைக்கி இந்த நோட்டை டாக்டரு மேசை மேல போட்டுருவேன். ஸ்கேனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

பாவாயிக்கு இதெல்லாம் புரியாதுங்க. நாலு நாளைக்கி முன்னால என்ற பாயி விரிப்புல பை லேசா ஒழுகிருச்சு. அவ தொவைக்க எடுத்துட்டுப் போனவ, ஓடியாந்து நிக்கறா. "ஏனுங்க, ரத்தமுங்க." ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல, டீக்கறைன்னேன். "நீங்க டீக் குடிச்சு மூணு மாசமாச்சுங்க"ங்கறா. பீட்ரூட்டு தின்னமேன்னேன். "நம்மூட்டுல எப்பங்க பீட்ரூட்டு வாங்குனோம்?" எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஏ புள்ள, முப்பத்திநாலு வருசம் கலரு பாத்தவன் நானா நீயான்னு கேட்டேன். அவ என்ற கண்ணையே பாத்துக்கிட்டு நின்னா. அப்படிப் பாக்கறது எனக்குப் புடிக்காதுங்க.

பயந்தவளோட குடித்தனம் பண்றது பெரிய கஷ்டம் தம்பி. ஆபரேஷன் ஆன நாளுல இருந்து அவ பாயைத் தள்ளிப் போட்டுக்கிட்டா. ஒழுகிருமோன்னு பயம். இல்ல, பாயைத் தள்ளிப் போட்டது நாந்தான். அது கெடக்கட்டும். ஆம்பளைன்னு இருந்ததெல்லாம் அந்த ஆபரேஷன் மேசையிலயே போயிருச்சு, அதை அவகிட்டப் போயி என்னன்னு பேசறது? அவ கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. பத்து வருசம் ஓடிருச்சு.

இது எந்த ஊரு? பெருந்துறையா? அதுக்குள்ளயா? இந்தப் பஸ்ஸு ஏனிப்படிப் பறக்குது.

நோட்டைப் புரட்டிப் பாருங்க, தாராளமாப் பாருங்க. துணிதானுங்க, காஞ்சது. அட, என்னமோ உழுந்துச்சே. அதுங்களா, அது ஒரு சீட்டு. போன வருசம் சமுதாயக் கூடத்துல கண்ணு முகாம் போட்டிருந்தாங்க. ஒரு டாக்டர் புள்ள டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, ரெண்டு கண்ணுலயும் பொரை நல்லா முத்திருச்சு, ஆபரேஷன் பண்ணிக்கங்க தாத்தான்னு எழுதிக் குடுத்துச்சு. ஒரு ஒடம்புக்கு ஒருக்காக் கத்தி வெச்சது போதாதா? மடிச்சு நோட்டுக்குள்ள வெச்சேன். பொரைன்னா வயசானவுங்களுக்கு வர்றதுதான். கொஞ்சம் பொகையாட்டம் தெரியும், அவ்வளவுதான். கலருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

அந்த மொட்டு இருக்குதில்ல, வவுத்துல, அது நல்லாச் செவப்பா இருக்கோணும், செவப்பு மங்குனா ஒடனே ஓடியாங்கன்னு அன்னைக்கி நர்ஸம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. ஒரு வருசமா அது மங்கித்தான் கெடக்குது, மண்ணு நெறத்துல. எனக்கு வயசான மாதிரி அதுக்கும் வயசாயிருச்சுன்னு உட்டுட்டேன். பாவாயி மட்டும், "எங்கீங்க மங்குச்சு, நல்லாத்தானே செக்கச் செவேல்னு இருக்குது"ங்கறா. அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியும், கலரு பாக்கத் தெரியாது.

இன்னைக்கிக் காலையில பாருங்களேன். கெளம்பறப்போ எனக்கு என்னமோ மனசு சரியில்ல. ஏ புள்ள, அந்த அரக்குச் சேலையைக் கட்டிக்கிட்டு வா, அது ராசியான சேலைன்னேன். அதைக் கட்டுன வருசந்தானே நான் பாஸானேன். உள்ள போயிக் கட்டிக்கிட்டு வர்றா, பாத்தா காப்பிக்கொட்டைக் கலர்ல ஒரு பழைய சேலை. நான் கேட்டது என்ன, நீ கட்டியிருக்கறது என்னன்னு சத்தம் போட்டேன். அவ முந்தானையைப் புடிச்சுக் குனிஞ்சு பாத்தா. என்னையப் பாத்தா. கண்ணுல தண்ணி நிக்குது. பையை எடுத்துக்கிட்டு வாங்கன்னு முன்னால நடந்துட்டா. வழியெல்லாம் திரும்பித் திரும்பி, குழி இருக்குது பாத்து வாங்க, கல்லு இருக்குது பாத்து வாங்கங்கறா. எனக்கென்ன கண்ணா தெரியாது?

ஏன் தம்பி, நோட்டுல அந்தப் பக்கத்துலயே நிக்கறீங்க? திருப்புங்க.

ஏன் இப்ப முன்னால திருப்பறீங்க? அது பழசு. அதுக்கும் இதுக்கும் ஒரே ஷேட்தான். என்ன மொகம் ஒரு மாதிரி ஆகுது உங்களுக்கு? எனக்கு மொகம் பாத்துப் பழக்கமுங்க. பெஞ்சியில உக்காந்து உக்காந்து பழக்கம். சொல்லுங்க. பரவால்ல, சொல்லுங்க. அந்தத் துண்டு என்ன கலரு?

செவப்பா?

நல்லாப் பாருங்க. வெளிச்சத்துக்குக் காட்டுங்க. இப்படிக் குடுங்க. எனக்கு டீத் தண்ணியாட்டந்தானே தெரியுது. காஞ்ச ரத்தமாட்டமா? இதுவும் அப்படியா? அடுத்ததும்? ஒண்ணு கூட உடாமச் சொல்லுங்க. எந்தத் தேதியில இருந்து? தம்பி, பின்னாலயே போங்க, எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க.

மார்கழியா. போன மார்கழியா. அதுக்கு முந்துன துண்டெல்லாம் மஞ்சளாத்தான் இருக்குது, இல்லீங்களா? மார்கழியில இருந்துதான். எட்டு மாசம். எட்டு மாசமா நானே என்ற கையால முக்கி, காய வெச்சு, தேதி போட்டு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கறேன்.

இருங்க. கொஞ்சம் இருங்க. இல்ல, தண்ணி வேண்டாமுங்க. வையாபுரிக்குக் கடுகாட்டம் இருக்கறப்பவே பாத்துட்டாங்க. எட்டு மாசத்துல அது என்ன அளவுக்கு வளந்திருக்கும்? உங்களுக்குத் தெரியாது, சரி, உங்களுக்கெப்படித் தெரியும். கல்லா இருந்தாக்கூட ரத்தம் வருமாம், வரும்தானுங்களே? சளி புடிச்சாக்கூட, இல்ல அது... நானு என்ன பேசறேன்.

தம்பி, ஒரு உபகாரம் பண்ணுங்க. அந்தா மூணாவது சீட்டு, மஞ்சப்பை. அவ கட்டியிருக்கற சேலை என்ன கலருன்னு பாத்துச் சொல்லுங்க. எந்திரிச்சு நின்னே பாருங்க. அவசரமில்ல.

அரக்கா?

நல்லாக் கெட்டியா? வெளுக்கல? ஓரத்துல எங்கயாச்சும் திட்டுத் திட்டா வெளுத்திருக்குதா பாருங்க. இல்ல. ஒரே சீரா இருக்குதா.

அப்பக் கட்டிட்டுத்தான் வந்திருக்கறா. நான் கேட்டதைத்தான் கட்டிட்டு வந்து நின்னிருக்கறா. நான் அதைப் பாத்துக் காப்பிக்கொட்டைன்னு கத்தியிருக்கறேன். அவளுக்கு அங்கயே தெரிஞ்சு போச்சு. அதுதான் கண்ணுல தண்ணி. அதுதான் கல்லைப் பாத்து வாங்க, குழியைப் பாத்து வாங்கன்னு. இந்த நோட்டும் செல்லாது, என்ற கண்ணும் செல்லாதுன்னு அவளுக்குத் தெரியும், எங்கிட்டச் சொல்ல முடியாம அங்க தனியா உக்காந்துட்டு வர்றா.

எனக்குப் பயமா இருக்குது தம்பி. இத்தன நேரம் அவளுக்குப் பயம், அவளுக்குப் பயம்னு சொல்லிட்டு வந்தேன், எனக்குத்தான். பத்து வருசமா எனக்குத்தான். அந்தப் பெஞ்சியில என்ற பேரைக் கூப்பிட்டா நான் எந்திரிக்க மாட்டேன், என்னால முடியாது. ஆராச்சும் கையைப் புடிச்சு எழுப்போணும்.

காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க. நான் முன்னால போயிக்கறேன். தெரியுமுங்க, அங்க சன்னலோரத்துல இன்னொரு அம்மா இருக்குது, வர்றவன் போறவனெல்லாம் வலது பக்கம் முட்டுவான். முட்டட்டும். கண்டக்டரு பொம்பளைங்க சீட்டுன்னு சத்தம் போட்டா, சீக்காளின்னு சொல்லுங்க, இல்ல, நானே சொல்லிக்கறேன். நோட்டு உங்ககிட்டயே... இல்ல இல்ல, குடுங்க, டாக்டரு பாக்கோணும். அந்தக் கண்ணுச் சீட்டையும் குடுங்க.

அரக்குதானுங்களே? மறுபடியும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. அவகிட்டப் போயி மொதல்ல, சேலை நல்லாருக்குது புள்ளன்னு சொல்லோணும். தப்பாச் சொல்லிறக் கூடாது.